மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டில் ஒழுகினால் செலவு யாருடையது? வேலூர் அபார்ட்மென்ட்வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் பதினாறு வீடுகள் கொண்ட ஒரு அபார்ட்மென்ட்டில் ஆறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர் செல்போனை நீட்டிக்கொண்டே வந்தவர்கள். போனில் சீலிங் படம் இருக்கும், சீலிங்கில் பழுப்பு வட்டம் இருக்கும். "சார், இதுக்கு யாரு காசு தர்றது?" என்பதுதான் முதல் கேள்வி. சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் விருதம்பட்டிலும் இருக்கும் நண்பர்களும் இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் தர வேண்டும்?

தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்பதை வைத்து அல்ல, எங்கிருந்து கிளம்புகிறது என்பதை வைத்துத்தான் முடிவு. கசியும் குழாயோ தரையோ ஒரே ஒரு வீட்டுக்குப் பயன்படுவது என்றால் அந்த வீட்டின் உரிமையாளர் தர வேண்டும். மொட்டை மாடி, மேல்நிலைத் தொட்டி, வெளிச்சுவர், எல்லா வீட்டுக் கழிவும் சேர்ந்து இறங்கும் செங்குத்துக் குழாய் போன்றவை என்றால் சங்கம், அதாவது எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடம் ஆகவில்லை, கட்டியதிலேயே குறை என்றால் பில்டர்.

இந்த மூன்றில் எது என்று தெரிவதற்கு முன்னால் காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு முடியவே முடியாது. நான் பார்த்த சண்டைகள் எல்லாமே மூலத்தைக் கண்டுபிடிக்காமல் ஆரம்பித்தவை.

எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளம்பர் வந்தவுடன் "எல்லா டைல்ஸையும் உடைக்கணும்" என்கிறார்.

உடைக்க விடாதீர்கள். முதலில் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். சொட்டு எப்போது விழுகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் முக்கால்வாசி விடை.

ராத்திரி பகல் வித்தியாசமில்லாமல் ஒரே சீராகச் சொட்டினால் அது அழுத்தத்தில் இருக்கும் குழாய். சுவருக்குள் புதைத்த நல்ல தண்ணீர் லைன், கெய்சருக்குப் போகும் லைன், ஆங்கிள் வால்வு போன்றவை. மொட்டை மாடியிலோ டக்டிலோ (குழாய்கள் மேலிருந்து கீழ் வரை இறங்கும் சந்து) மேல் வீட்டுக்கென்று தனியாக வால்வு இருக்கும். இரவு பத்து மணிக்கு அதை மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். சொட்டு குறைந்திருந்தால் சந்தேகம் உறுதிப்பட்டுவிடும்.

காலை ஏழு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் அதிகமாகி, மதியம் நின்றுபோனால் அது குளியலறைக் கழிவு. நஹானி ட்ராப்பின் (குளியலறைத் தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) ஓரம், டைல்ஸ் இடுக்கு, கமோடு இணைப்பு என்று இந்த மூன்றில் ஒன்று. மேல் வீட்டில் கேட்டுக்கொண்டு அந்தக் குளியலறையை இரண்டு நாள் உபயோகிக்காமல் வையுங்கள். பிறகு ட்ராப் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றித் துணியால் அடைத்து, தரையில் ஒரு அங்குலத் தண்ணீர் நிற்க விடுங்கள். அந்தத் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கரைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். கீழே ஆரஞ்சு நிறத்தில் இறங்கினால் தரை கசிகிறது. இறங்கவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, வேறு நிறத் தண்ணீரை நேரே ட்ராப்புக்குள் மட்டும் ஊற்றுங்கள். இப்போது இறங்கினால் ட்ராப்போ அதன் குழாயோதான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாம் மாடி அக்கா, "எங்க வீட்லேர்ந்து வரவே வராது, போன வருஷந்தான் டைல்ஸ் மாத்துனோம்" என்று கடைசி வரை சொன்னார். கேசரித் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை கீழ் வீட்டு சீலிங்கில் ஒரு ரூபாய் அளவுக்கு ஆரஞ்சுப் பொட்டு. அவரே கீழே இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். "நானே ஆளைக் கூப்பிடறேன்" என்றார். அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிந்தது.

மழைக்குப் பின்னால் மட்டும் வந்தால் மொட்டை மாடி, வெளிச்சுவர் வெடிப்பு, சன்ஷேடு, மழைநீர்க் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்து தளம் விரியும், இடுக்குகள் பிளக்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழையிலேயே முதல் ஓதம் தெரிந்துவிடும். ஐப்பசிக்குள் சரி செய்யாவிட்டால் அடைமழையில் ஒன்றும் செய்ய முடியாது.

கோடையில் மட்டும் வந்தால் ஏசி தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு யாருடையது?

சங்கம் முதலில் கொடுத்துவிடுவது நல்லது. பிளம்பரின் அரை நாள் கூலிதான் ஆகும். மூலம் தெரிந்தபின் அது யாருடையதோ அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கீழ் வீட்டுக்காரரைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மேல் வீட்டுக் கழிவுக் குழாய் எங்கள் குளியலறை சீலிங்குக்குக் கீழே தொங்குகிறது. எங்கள் வீட்டுக்குள் இருப்பதால் அது எங்கள் குழாயா?

இல்லை. பழைய கட்டடங்களில் குளியலறைத் தளத்தைப் பள்ளமாக வார்க்காமல், மேல் வீட்டு ட்ராப்பையும் வளைவுகளையும் கீழ் வீட்டு சீலிங்கில் தொங்கவிட்டிருப்பார்கள். இருக்கும் இடம் உங்கள் வீடு. பயன் மேல் வீட்டுக்கு மட்டும். அதனால் பராமரிப்பும் செலவும் மேல் வீட்டு உரிமையாளருடையது. ஆனால் வேலை செய்ய ஆள் வரும்போது கதவைத் திறந்துவிட வேண்டிய கடமை உங்களுடையது. "எங்க வீட்டுக்குள்ள வேலைக்காரங்க வரக் கூடாது" என்று நீங்கள் தடுத்தால், அதன்பின் கூடும் சேதத்துக்கு அவரைக் கேட்பது கஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அழகுக்காகத் தொங்கும் குழாயை மறைத்து நீங்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பீர்கள். குழாயை மாற்ற அதைப் பிரிக்க வேண்டும். யார் செலவு? கசிவால் சீலிங் ஊறிப்போயிருந்தால் மேல் வீட்டுக்காரர். சாதாரணப் பராமரிப்புக்காகப் பிரிக்க வேண்டியிருந்தால், திறந்து பார்க்க வழியே இல்லாமல் மூடியது நீங்கள் என்பதால் உங்கள் பங்கும் இருக்கிறது என்பேன். ஃபால்ஸ் சீலிங் போடும்போதே ட்ராப்புக்கு நேரே ஒரு அடிக்கு ஒரு அடி கதவு வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளத் தளம் உள்ள புதுக் கட்டடங்களில் இந்தத் தொங்கல் இல்லை. பதிலாக வேறு தொல்லை. அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே எல்லாம் சரி செய்தபின்னும் ஒரு வாரம், பத்து நாள் கீழே சொட்டிக்கொண்டே இருக்கலாம். உடனே "வேலையைச் சரியா செய்யல" என்று சண்டைக்குப் போகாதீர்கள். சொட்டு நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள்.

மேல் வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை. என்ன செய்வது?

நம் சங்கங்கள் பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. அபார்ட்மென்ட் உரிமைக்கென்று 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலான 2022-ம் ஆண்டுச் சட்டம் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் துணைவிதியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான துணைவிதிகளில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, தன் வீட்டுக்குள் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பைச் செய்யாமல் விட்டு மற்ற வீட்டுக்குச் சேதம் வந்தால் அதற்கு அந்த உரிமையாளரே பொறுப்பு. மற்றது, அவசரத்தில் சங்கத்தின் ஆள் உள்ளே வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். இந்த வரிகள் இல்லாத துணைவிதி என்றால் அடுத்த பொதுக்குழுவிலேயே சேருங்கள்.

பிறகு ஒரு கடிதம். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்டால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் வீட்டின் பொதுக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள எங்கள் படுக்கையறை சீலிங்கில் இந்த மாதம் 3-ம் தேதி முதல் தண்ணீர் சொட்டுகிறது. காலை, இரவு நேரங்களில் அதிகமாகிறது. படங்கள் இணைத்துள்ளேன். பதினைந்து நாளுக்குள் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் சங்கத்தின் பிளம்பர் வந்து பார்க்க அனுமதி தர வேண்டுகிறேன். தாமதத்தால் கூடும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பாக நேரும் என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

ஒரு நகல் சங்கத்துக்கு, ஒரு நகல் உங்களுக்கு. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கொடுக்கப்பட்டதற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்துக்கு ஒரு பலம் உண்டு. "எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் சொல்லக்கூடிய காலம் அந்தத் தேதியோடு முடிந்துவிடுகிறது. தெரிந்தபின்னும் சும்மா இருந்தார் என்பது கவனக்குறைவுக்கு நேரடிச் சான்று.

மேல் வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர். யாரிடம் கேட்பது?

வேலூரில் இது பெரிய கேள்வி. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து இரண்டு மாதம் தங்கும் வடநாட்டுக் குடும்பங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கும் வி.ஐ.டி. மாணவர்கள் என்று பல அபார்ட்மென்ட்டுகளில் பாதி வீடு வாடகைதான். உரிமையாளர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்.

கீழ் வீட்டுக்காரராகிய நீங்கள் கடிதம் எழுத வேண்டியது உரிமையாளருக்கு, நகல் வாடகைக்காரருக்கு. அவர்கள் இருவருக்குள் யார் கொடுப்பது என்பதை 2017-ம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பிரித்திருக்கிறது. இது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணைப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கட்டட அமைப்புப் பழுது, குழாய்களை மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. திருகுக் குழாய், அதன் வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், கெய்சர் ஆகியவற்றின் பழுது, சாக்கடை அடைப்பு எடுப்பது ஆகியவை வாடகைக்காரர் பொறுப்பு. வாடகைக்காரர் உடைத்ததால் வந்த அமைப்புப் பழுது வீட்டுக்காரர் தலையில் விழாது.

நம் ஊரில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். தொட்டி காலி. குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், காற்றுதான் வருகிறது. மூடாமலே கிளம்பி ரயில் ஏறிவிடுகிறார்கள். சாயங்காலம் காவிரித் தண்ணீர் வந்து சம்ப் நிறைகிறது, வாட்ச்மேன் மோட்டார் போடுகிறார், தொட்டி நிறைகிறது, பூட்டிய வீட்டில் குழாய் ராத்திரி முழுக்க ஓடுகிறது. சிங்க்கில் ஊறப்போட்ட தட்டு வடிகாலை அடைத்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் கீழ் வீட்டில் மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. இதில் குழாயிலோ கட்டடத்திலோ ஒரு பழுதும் இல்லை. திறந்து விட்டுப் போனதுதான் காரணம். அதனால் கடைசிச் சுமை வாடகைக்காரருடையது. கீழ் வீட்டுக்காரர் உரிமையாளரிடம் கேட்பார். உரிமையாளர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். இதற்கென்று ஒரு வரியை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படி மின்விசிறி, விளக்கு வழியாகத் தண்ணீர் வந்தால் யார் காசு என்று யோசிக்கும் நேரமல்ல அது. முதலில் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து சொல்லும்வரை போடாதீர்கள்.

நான் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். சொட்டுகிறது. வாடகையைக் குறைக்கலாமா?

நீங்களாகக் குறைக்காதீர்கள். உங்கள் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டிய பழுதை நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், நீங்கள் செய்து அந்தச் செலவை வாடகையில் கழிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மேல் வீட்டோடு பேசும் வேலை உங்கள் உரிமையாளருடையது.

மொட்டை மாடி கசிகிறது. கடைசி மாடிக்காரர்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

தவறு. கூரை பொதுச் சொத்து. தளம் போடும் செலவு எல்லா வீட்டுக்கும் உண்டு. துணைவிதியில் சொன்னபடி பிரிக்கப்படாத நிலப் பங்கின் (மொத்த மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கு) விகிதத்திலோ, சமமாகவோ. தரைத்தளத்தில் இருந்த ஒரு பாய் என்னிடம், "நான் மாடிக்கு ஏறினதே இல்ல சார், எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூரை ஒழுகினால் கம்பி துருப்பிடிக்கும்; கம்பி போனால் கட்டடம் முழுக்கப் போகும்; கீழே சம்ப் மோட்டார் கெட்டால் மேல் மாடிக்காரரும் பங்கு தருகிறார் அல்லவா என்று சொன்னேன். அடுத்த நாள் பணம் கொடுத்துவிட்டார்.

விதிவிலக்கு ஒன்று. கடைசி மாடிக்காரர் மொட்டை மாடியில் சங்கத்தைக் கேட்காமல் தோட்டம் வைத்து, ஷெட்டுக்காகத் தளத்தைத் துளைத்திருந்தால் அந்த இடத்துச் செலவு அவருடையது.

சங்கம் காசில்லை என்று வருடக்கணக்கில் தள்ளினால்? நீங்களே செய்துவிட்டுக் கழித்துக்கொள்கிறேன் என்று கிளம்புமுன், மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கிச் செயற்குழுவிடம் எழுத்தில் கொடுத்துத் தீர்மானம் போட வையுங்கள். தீர்மானம் இல்லாமல் செய்த வேலைக்குப் பின்னால் பணம் வாங்குவது பெரும்பாடு.

பில்டரை எப்போது பிடிக்கலாம்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016-ன் 14(3) பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், முப்பது நாளுக்குள் காசு வாங்காமல் அவர் சரி செய்து தர வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். புகார் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம், இணையவழியில் கொடுக்கலாம்.

ஒப்படைத்த தேதிக்குச் சான்று வேண்டும். சாவி வாங்கிய கடிதம், முதல் மின் கட்டண ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாலரை வருடம் ஆனவர்கள் இந்த வாரமே எழுதுங்கள்.

நம் பக்கத்தில் எட்டு வீடு, ஆறு வீடு என்று கட்டி விற்பவர்கள் நிறைய. எட்டு வீட்டுக்கு மிகாத, அல்லது 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் வரும் திட்டங்களுக்கு அந்தச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட கட்டடத்தில் வாங்கியவர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடுவது நேர்வழி.

மேல் வீடு, கீழ் வீடு பாதிப் பாதி என்று ஒரு விதி இருக்கிறதாமே?

அப்படி ஒரு பொது விதி இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பல, மும்பை ஹவுசிங் சொசைட்டிகளின் மாதிரி விதிகளைப் பற்றியவை. அவை மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் வருபவை. நம் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது. இரண்டு பேரும் மனம் ஒப்பிப் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். மூலம் நிச்சயமாகத் தெரியாத இடத்தில் அது நல்ல வழியும்கூட. ஆனால் மேல் வீட்டு ட்ராப்தான் என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தபின், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று கீழ் வீட்டுக்காரரைப் பாதி கொடுக்கச் சொல்வது அநியாயம். செயலாளர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எதற்கெல்லாம் பணம் கேட்கலாம்?

இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கசிவை நிறுத்தும் வேலை ஒன்று. கசிவால் உங்களுக்கு ஆன நஷ்டம் இன்னொன்று. முதலாவதில் விவாதமே இல்லை. தன் குழாயைத் தன் செலவில் சரி செய்யத்தான் வேண்டும், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டாவதில்தான் இழுபறி. சீலிங் பூச்சு, பெயிண்ட், வயரிங், ஊறி உப்பிய பிளைவுட் அலமாரி, மெத்தை போன்றவற்றைக் கேட்கலாம். சுவருக்குள் இருந்த குழாய் முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்து, மேல் வீட்டுக்காரர் உடனே வால்வை மூடிவிட்டார் என்றால் அவர் மேல் தவறு சொல்வது கடினம். மூன்று மாதமாகச் சொல்லியும் கேட்கவில்லை என்றால் கதையே வேறு.

புது விலை கேட்காதீர்கள். எட்டு வருடம் உழைத்த மெத்தைக்குப் புது மெத்தை விலை எந்த மன்றத்திலும் கிடைக்காது. நகர்த்தியிருக்கக்கூடிய பொருளை நகர்த்தாமல் ஊற விட்டுவிட்டுக் கேட்டாலும் நிற்காது. சொட்டு விழ ஆரம்பித்ததும் கட்டிலை இழுத்துப் போடுங்கள், பக்கெட் வையுங்கள், தேதி தெரியப் படம் எடுங்கள்.

மேல் வீட்டில் சமையலறை இருந்த இடத்தைக் குளியலறை ஆக்கிவிட்டார்கள். எங்கள் பூஜை அறைக்கு நேர் மேலே வருகிறது.

மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்று தெரியும். அந்த இடம் ஈரத்துக்காக வார்த்த தளமல்ல. கசிவுத் தடுப்பும் இருந்திருக்காது. அங்கிருந்து வரும் கசிவு முழுக்க அந்த உரிமையாளர் பொறுப்பு. பில்டரையும் சங்கத்தையும் அவர் கை காட்ட முடியாது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் இடம் மாற்றியிருந்தால், பழையபடி ஆக்கச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

சாக்கடைக் குழாய் அடைத்து தரைத்தள வீட்டுக் குளியலறையில் எதுக்களித்து வந்துவிட்டது.

செங்குத்துக் குழாய் பொது, செலவு சங்கம். அடைத்த பொருள் யார் போட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் அவரிடம் வசூலிக்கலாம். பெரும்பாலும் தெரியாது. தரைத்தளத்துக்காரர் எல்லார் வீட்டு அழுக்கையும் தன் வீட்டில் அள்ளியிருக்கிறார். கழுவிச் சுத்தம் செய்யும் செலவையாவது சங்கம் அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் உதவுமா?

உதவும், ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு எடுத்தவர்கள் குறைவு. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசியைக் கொடுக்கின்றன. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடிப்பதும் நிரம்பி வழிவதும் அதில் உண்டு. கட்டடத்தோடு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகச் சேரும். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து ஓதம் ஏறியதற்கும் தேய்மானத்துக்கும் கிடைக்காது. அதனால் தண்ணீர் கொட்டிய அன்றைக்கே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேல் வீட்டுக்காரர் ஐந்தாயிரம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்க வருவார். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவரிடம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கும்; அதை நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளைமே சிக்கலாகும்.

பேச்சு முறிந்துவிட்டது. எங்கே போவது?

அண்டை வீட்டாரோடு என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முதலில் மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் சமரசமானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வாயால் கேட்காத பலர் அங்கிருந்து ஒரு கடிதம் வந்ததும் பிளம்பரைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதிலும் ஆகவில்லை என்றால் முன்சீப் நீதிமன்றம். பழுதுபார்க்கச் சொல்லிக் கட்டளையும் நஷ்டஈடும் கேட்கலாம். நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவரோடு ஒரு பொறியாளரும் வந்தால் அந்த அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு. சுவரைப் பூசி மறைத்துவிட்டு வழக்குப் போடாதீர்கள்.

பில்டர் மீதும், வாரன்டி கொடுத்துவிட்டு வராத வாட்டர்ப்ரூஃபிங் காண்ட்ராக்டர் மீதும் நுகர்வோர் ஆணையம் போகலாம். அண்டை வீட்டார் மீது முடியாது. அவர் உங்களுக்குச் சேவை விற்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் வேலூர் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் என்றால் சென்னையில் மாநில ஆணையம். வீட்டைப் பொறுத்தவரை கணக்கு வீட்டின் விலைக்கு, ஓதத்தின் செலவுக்கு அல்ல. காண்ட்ராக்டருக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை.

போலீசில் சொல்லலாமா? மேல் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தலாமா?

இது சிவில் விவகாரம். போலீஸ் செலவைத் தீர்த்து வைக்காது. தண்ணீரை நிறுத்துவது அறவே கூடாது. அந்த வீட்டில் குழந்தை இருக்கும், வைத்தியத்துக்கு வந்த நோயாளி இருப்பார். அந்த நிமிஷமே நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து போய்விடும். சோதனைக்காகவோ, குழாய் வெடித்த அவசரத்திலோ, சொல்லிவிட்டு வால்வை மூடுவது வேறு.

எல்லாம் சரி செய்தாகிவிட்டது. எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

அவசரப்படாதீர்கள். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சுவர் காயக் காய வெள்ளையாக மாவு போல உப்புப் பூக்கும். அதை ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பூத்து நிற்கும்வரை பொறுங்கள். ஊறிப் பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, குறைந்தது ஒரு மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக் காய விடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்கவில்லை என்றால் பட்டி பார்க்க ஆளைக் கூப்பிடலாம். பில்லை மேல் வீட்டுக்காரர் பெயரைக் குறிப்பிட்டு வாங்கி, நகலைச் சங்கத்திடம் கொடுத்துவிடுங்கள்.